வேரை முடிச்சிடும் புழுவும் குடலில் வளரும் புழுவும்

வேர்முடிச்சு நூற்புழு, பயிரின் வேருக்குள் புகுந்து சாறு உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. மெலாய்டோகைன் என்ற பேரினத்தைச் சேர்ந்த இதில் ஏறத்தாழ நூறு சிற்றினங்கள் உள்ளன. இன்காக்னிட்டா, ஜவானிக்கா, அரினேரியா ஆகியவை சமவெளிகளிலும், ஹாப்லா குளிர்ந்த மலைப்பகுதிகளிலும் அதிகம். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல், வெள்ளரி, கேரட் என இதற்குத் தப்பிய காய்கறி அரிது. இந்தியாவில் நூற்புழுக்களால் ஆண்டுதோறும் ஏற்படும் பயிர் இழப்பு சுமார் 10,000 கோடி ரூபாய் என்பது வேளாண் அறிவியலாளர்களின் மதிப்பீடு.

மண்ணில் வாழும் நூற்புழுக்கள் எல்லாமே பகை அல்ல. பெரும்பாலானவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, அவற்றில் அடைபட்டிருக்கும் தழைச்சத்தை மீண்டும் மண்ணுக்கு விடுபவை. பயிரைத் தாக்குபவை ஒரு சிறு கூட்டம்தான். அந்தக் கூட்டத்திலும் காய்கறிக்குப் பெருங்கேடு செய்வது வேர்முடிச்சுப் புழு.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஈரமண்ணில் நெளிந்து சென்று, வேர்நுனியைத் தேடிப்பிடித்து, வாயிலுள்ள ஊசியால் துளைத்து உள்ளே போகிறது. நீரும் உணவும் செல்லும் குழாய்த்திசுவை அடைந்ததும் சில செல்களைத் தேர்ந்து அவற்றுக்குள் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அதன் பிறகு அந்தச் செல்கள் இயல்பாகப் பிரிவதில்லை. உட்கரு மட்டும் மீண்டும் மீண்டும் பிரிய, ஒவ்வொரு செல்லும் பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்லாகிறது. புழு இனி நகர வேண்டியதில்லை. செடி தயாரிக்கும் உணவு அதன் வாய்க்கே வந்து சேர்கிறது. சுற்றியுள்ள திசு வீங்கி முடிச்சாகிறது. பெண்புழு பேரிக்காய் வடிவில் உப்பி, வேரின் மேற்பரப்பில் ஒரு பசைப்பொதியை உருவாக்கி, அதில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. இன்காக்னிட்டாவுக்கு இனப்பெருக்கம் செய்ய ஆண்புழு தேவையே இல்லை. மண்ணின் வெப்பம் 27 டிகிரி அளவில் இருந்தால் ஒரு தலைமுறை முடிய ஒரு மாதம் போதும். நான்கு மாதத் தக்காளிப் பயிருக்குள் மூன்று நான்கு தலைமுறைகள் பெருகிவிடும்.

வயலில் இந்த நோய் எளிதில் பிடிபடுவதில்லை. அங்கங்கே திட்டுத்திட்டாகச் செடிகள் குட்டையாக நிற்கும், இலை வெளிறும், உச்சிவெயிலில் துவண்டு மாலையில் நிமிரும். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இரண்டையும் கூட்டிக்கொடுத்துச் செலவழிப்பவர்கள் ஏராளம். ஒரு செடியை மண் உதிராமல் தோண்டி எடுத்து வேரை நீரில் அலசினால் உண்மை தெரிந்துவிடும். வேர் நெடுகிலும் சிறிதும் பெரிதுமாக முடிச்சுகள் இருக்கும். பயறுவகைச் செடிகளில் காணும் நன்மை தரும் வேர்முண்டுகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேர்முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு முடிச்சு வேரே பருத்து உண்டானது; பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும். கேரட்டில் கிழங்கு இரண்டாக மூன்றாகக் கிளைத்து, மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். புழு வேரில் இட்ட துளைகள் வழியாக வாடல்நோய்ப் பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே நுழைவதால் இழப்பு இரட்டிப்பாகிறது.

அறிவியல் ஏடுகளில் இந்த முடிச்சு முதலில் பதிவானது 1855இல். இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடமொன்றில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் பூஞ்சை ஆய்வாளர் மைல்ஸ் பெர்க்லி இதைக் கண்டார். இந்தியாவில் 1901இல், நீலகிரி மலையின் தேவாலாவில் தேயிலை வேரில் இது இருப்பதைத் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர் பதிவு செய்தார். அதே நீலகிரியில் 1961இல் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவும் கண்டுபிடிக்கப்பட்டது. அம்மலையிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகாமல் தடைவிதிக்கும் அளவுக்கு அது பெரிய சிக்கலாயிற்று.

முடிச்சுவிழுந்த கேரட்டை மனிதர் தின்றால் என்னவாகும் என்ற கேள்விக்கு ஒரு பழைய தவறு விடை சொல்கிறது. 1919இல் அமெரிக்கப் படைவீரர்களின் மலத்தைச் சோதித்த ஆய்வாளர்கள் கோஃபாய்டும் ஒயிட்டும் அதில் முன்பின் கண்டிராத புழு முட்டைகளைப் பார்த்து, மனிதக் குடலில் வாழும் புதிய புழு ஒன்று அகப்பட்டதாக அறிவித்தனர். அதற்கு 'ஆக்சியூரிஸ் இன்காக்னிட்டா' என்று பெயரும் இட்டனர். 1923இல் சாண்ட்கிரவுண்ட் என்ற ஆய்வாளர், அவை வீரர்கள் தின்ற காய்கறி வேரிலிருந்த நூற்புழுவின் முட்டைகளே என்று காட்டினார். முட்டைகள் வாய்வழியே போய், எந்தத் தீங்கும் செய்யாமல், பொரியாமல், அப்படியே வெளியேறியிருந்தன. அந்தப் புழுதான் இன்றைய மெலாய்டோகைன் இன்காக்னிட்டா. செடியின் செல்லைத் துளைத்து உண்ண மட்டுமே அமைந்த இந்தப் புழுவால் மனித உடலில் வாழ முடியாது. முடிச்சைச் சீவிவிட்டு அந்தக் கேரட்டைத் தாராளமாகச் சமைக்கலாம்.

ஆனால் அதே தோட்டத்து மண்ணில் மனிதருக்கு நோய்தரும் நூற்புழுக்களும் இருக்க முடியும். அவை மண்ணில் தாமாகத் தோன்றுபவை அல்ல. மனித மலத்தின் வழியாக வந்து சேர்பவை. குடலில் வாழும் ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டைகள் வரை இடுகிறது. திறந்தவெளி மலங்கழிப்பாலும், சுத்திகரிக்காத கழிவுநீரைப் பாய்ச்சுவதாலும் அவை கீரைப் பாத்திக்கு வருகின்றன. ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே அவற்றுக்கு நோய்தரும் திறன் வருகிறது. தடித்த ஓடு இருப்பதால் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். சாட்டைப்புழுவின் வழியும் ஏறக்குறைய இதுவே. கொக்கிப்புழு வேறுவிதம்: அதன் இளம்புழு மண்ணில் காத்திருந்து, வெறுங்காலோடு களையெடுப்பவரின் தோலைத் துளைத்தே உள்ளே போய்விடும். குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிக்கும். ஏற்கெனவே இரத்தசோகையால் வாடும் பெண் தொழிலாளர்களுக்கு இது சிறிய துன்பம் அல்ல. தோட்டவேலைக்குக் காலணி இன்றியமையாதது.

உலக மக்களில் ஏறத்தாழ 150 கோடிப் பேர் மண்வழிப் பரவும் இக்குடற்புழுக்களைச் சுமப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பச்சையாக உண்ணும் காய்கறிக்குப் பாய்ச்சும் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்நிறுவனத்தின் வரம்பு. இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது.

வீட்டில் கீரையை உப்புநீரில் ஊறவைத்தால் புழு முட்டை செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. ஆய்வகத்தில் மலத்திலுள்ள முட்டைகளை மிதக்கவைத்துப் பிரிக்கவே அடர்ந்த உப்புக்கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் முட்டைகள் உருக்குலையாமல் இருப்பதால்தான் நுண்ணோக்கியில் அடையாளம் காண முடிகிறது. ஓடும் நீரில் ஒவ்வோர் இலையாகத் தேய்த்துக் கழுவினால் முட்டைகளில் பெரும்பகுதி போய்விடும். மீதியைக் கொல்வது அடுப்புச்சூடு. கேரட், முள்ளங்கியைப் பச்சையாகத் தின்பதானால் தோல் சீவுவது நல்லது.

பயிர்ப்புழு, குடற்புழு ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது ஆபத்து, நூற்புழுவைக் கொல்லப் போடும் மருந்து. இதுவே மிகவும் குறைவாகப் பேசப்படுகிறது. டைபுரோமோகுளோரோபுரோப்பேன் என்ற நூற்புழுக்கொல்லி ஒருகாலத்தில் உலகெங்கும் விற்பனையானது. 1977இல் கலிஃபோர்னியாவின் ஆலையொன்றில் அதைத் தயாரித்த ஆண் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு குறைந்தோ முற்றிலும் இல்லாமலோ போயிருப்பது தெரியவந்தது. கோஸ்டாரிக்காவின் வாழைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. அமெரிக்காவில் 1979இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகள் நிறுத்தப்பட்டன. பின்னர் இந்தியாவும் தடைசெய்தது. கடும் நச்சான ஃபோரேட் குருணைக்கு இந்தியாவில் 2020 முடிய மட்டுமே அனுமதி இருந்தது. இவ்வகைக் குருணை மருந்துகளில் பலவும் வேர் வழியே உறிஞ்சப்பட்டுச் செடி முழுக்கப் பரவுபவை. காயின் சதைக்குள் தங்கிய எச்சத்தை எவ்வளவு கழுவினாலும் போக்க முடியாது. காய்க்கும் பருவத்தில் குருணை போட்டு அடுத்த வாரமே பறித்து விற்பது, உண்பவருக்கு நஞ்சைக் கொடுப்பதுதான்.

நூற்புழுவை முற்றாக ஒழிக்க முடியாது, எண்ணிக்கையைக் குறைக்கலாம். அதற்கு மருந்தை விட நாற்றங்காலே முக்கியம். முடிச்சுள்ள ஒரு நாற்று, நல்ல வயலுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆகவே தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் வளர்த்த நாற்று பாதுகாப்பானது. விதையுடன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தூளைக் கலந்து விதைப்பதும், நடவுக்கு முன் வேப்பம் புண்ணாக்கு இடுவதும் பலன் தருகின்றன. பர்பியூரியோசிலியம் லிலாசினம் என்ற பூஞ்சை, நூற்புழுவின் முட்டைக்குள்ளேயே வளர்ந்து அதை அழிக்கிறது. தொழுவுரத்தோடு கலந்து இடலாம். கோடையில் ஆழ உழுது காயவிட்டால் மேல்மண்ணிலுள்ள புழுக்கள் வெயிலில் மடியும். தக்காளிக்குப் பின் வெண்டை, வெண்டைக்குப் பின் கத்தரி என்று மாற்றுவது பயிர்ச்சுழற்சி ஆகாது, மூன்றும் ஒரே புழுவுக்கு உணவு. இடையில் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டால் அதன் வேரிலுள்ள நச்சுப்பொருள் புழுவை அடக்கும், பூவும் காசாகும்.

எதிர்ப்புத்திறன் கொண்ட தக்காளி ரகங்களும் உண்டு. பெரு நாட்டின் காட்டுத்தக்காளி இனம் ஒன்றிலிருந்து 1940களில் கலப்பின முறையில் கொண்டுவந்த 'எம்ஐ' என்ற மரபணு அவற்றுக்குக் காவல். ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த மரபணு வேலை செய்வதில்லை. அதனால் தமிழகச் சமவெளியின் கோடைப்பட்டத்தில் அந்த ரகங்களை மட்டும் நம்பி நடுவது துணிச்சலான காரியம். வேப்பம் புண்ணாக்கும் பூஞ்சையும் அங்கே கூடவே தேவைப்படும்.