பிட்காயின் சுரங்கமும் கரண்ட் பில்லும்

பிட்காயினின் பொதுக் கணக்கேட்டில் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்காகக் கணினிகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதற்குப் பெயர் மைனிங். இந்தப் பக்கத்தை பிளாக் என்பார்கள். பிளாக்கில் சேர வேண்டிய பணப் பரிமாற்றங்களோடு ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்து, எஸ்.ஹெச்.ஏ-256 என்ற கணிதச் செயல்முறைக்குள் கணினி செலுத்துகிறது. வரும் விடை குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் வெற்றி. இல்லையென்றால் எண்ணை மாற்றி மறுபடியும் முயல வேண்டும். இதில் அறிவுக்கோ திறமைக்கோ வேலை இல்லை. நொடிக்கு எத்தனை முறை முயல முடிகிறது என்பது மட்டுமே கணக்கு. அந்த முயற்சி ஒவ்வொன்றும் ஒரு ஹேஷ். முதலில் விடை காண்பவருக்குப் புதிய பிட்காயின்கள் பரிசாகக் கிடைக்கும்.

சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் வரும்படி இந்த அமைப்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. 2,016 பிளாக்குகளுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதுவரை எவ்வளவு வேகமாக விடை கிடைத்தது என்று பார்த்துப் போட்டியின் கடினத்தை அது கூட்டும் அல்லது குறைக்கும். பரிசும் நிலையானதல்ல. தொடக்கத்தில் பிளாக்குக்கு 50 பிட்காயின். 2,10,000 பிளாக்குகளுக்கு ஒரு முறை அது பாதியாகும். 2012 நவம்பரில் 25, 2016 ஜூலையில் 12.5, 2020 மே மாதம் 6.25, 2024 ஏப்ரலில் 3.125 என்று குறைந்து வந்திருக்கிறது. மொத்த எண்ணிக்கை 2.1 கோடியைத் தாண்டாது.

போட்டியில் ஒருவர் இருந்தாலும் ஒரு கோடி பேர் இருந்தாலும், ஒரு நாளில் வெளிவரும் காசின் அளவு ஏறத்தாழ ஒன்றேதான். ஆகவே மைனிங் செய்யும் மைனரின் வருமானத்தைத் தீர்மானிப்பது அவருடைய இயந்திரத்தின் வேகம் அல்ல, உலகத்தின் மொத்த வேகத்தில் அவருடைய பங்கு. மைனிங் பற்றிய பொருளாதாரக் கேள்விகள் எல்லாம் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இது புரியாமல் இந்தியாவில் பணத்தை இழந்தவர்கள் ஏராளம்.

சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதியவர் முதல் பிளாக்கை உருவாக்கியது 2009 ஜனவரி 3-ஆம் தேதி. அப்போது போட்டியின் கடினத்தைக் குறிக்கும் கடின எண் 1. நொடிக்கு 20 லட்சம் ஹேஷ் செய்யும் சாதாரண வீட்டுக் கணினிகூடச் சராசரியாக அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடினால் ஒரு பிளாக்கைப் பிடித்துவிடும். பிட்காயினுக்குச் சந்தை விலை இல்லாததால் மின்செலவை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 2010 மே 22 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் லாஸ்லோ ஹன்யெட்ஸ் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். அந்தக் கதையைப் பலரும் அறிவார்கள். மைனிங் வரலாற்றில் அவருக்கு அதைவிடப் பெரிய இடம் ஒன்று உண்டு: கணினியின் மையச் செயலியை விட்டுவிட்டு, வீடியோ கேமுக்கான கிராபிக்ஸ் கார்டில் மைனிங் செய்யும் வழியைப் பரப்பியவர்களில் அவர் முன்னோடி.

கிராபிக்ஸ் கார்டு வந்ததும் பொழுதுபோக்கு தொழிலாக மாறியது. அன்று மைனர்கள் விரும்பிய ஏ.எம்.டி ரேடியான் 5870 கார்டு ஒன்று நொடிக்கு 40 கோடி ஹேஷ் செய்தது. ஒரே மதர்போர்டில் நான்கு கார்டுகளைப் பொருத்தினால் ஒரு ரிக் தயார். நொடிக்கு 160 கோடி ஹேஷ், ஏறக்குறைய ஒரு கிலோவாட் மின்சாரம். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் நாளைக்கு 24 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் தினமும் 144 ரூபாய்.

இந்த ரிக்கின் வரவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2013 ஜனவரி தொடக்கத்தில் கடின எண் ஏறக்குறைய 30 லட்சம், பரிசு 25 பிட்காயின், விலை 13 டாலர் அளவில். அந்த நிலையில் இந்த ரிக் ஒரு பிளாக்கைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 93 நாள் ஆகும். நாளொன்றுக்கு 0.27 பிட்காயின், அன்றைய மாற்று விலையில் 200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மின்செலவு போக ஐம்பது ரூபாய் மிஞ்சும். சரியாக ஓராண்டு கழித்து, 2014 ஜனவரியில், பிட்காயின் 780 டாலருக்குப் போயிருந்தது. விலை அறுபது மடங்கு. ஆனால் கடின எண் அதற்குள் 140 கோடியைத் தாண்டிவிட்டது. அதே ரிக் இப்போது ஒரு பிளாக்கைப் பிடிக்கச் சராசரியாக 120 ஆண்டு ஓட வேண்டும். நாள் வருமானம் 27, 28 ரூபாய். மின்செலவோ பழைய 144 ரூபாய்தான்.

மைனிங்கில் இறங்க நினைக்கும் யாரும் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஓர் ஆண்டின் கணக்கைப் படிக்க வேண்டும். நாணயம் அறுபது மடங்கு ஏறிய ஆண்டில் அதைத் தோண்டியவரின் வருமானம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியது. விலை ஏறும் என்று உறுதியாக நம்புகிறவர் 2013 ஜனவரியில் கார்டுக்குச் செலவிட்ட பணத்துக்கு நேரடியாக பிட்காயினையே வாங்கி வைத்திருந்தால் அறுபது மடங்கு பெற்றிருப்பார். இயந்திரம் வாங்குவதா, நாணயம் வாங்குவதா என்ற கேள்வி ஆரம்ப கால மைனர்களை விடாமல் துரத்தியது. பெரும்பாலும் இரண்டாவது வழியே மேலானதாக முடிந்தது.

தனியாக ஓட்டுவதில் இன்னொரு சிக்கல். சராசரி 93 நாள் என்றால் 93-ஆம் நாள் பரிசு வரும் என்று பொருளல்ல; நாளையே வரலாம், ஓராண்டானாலும் வராமல் போகலாம். மாதா மாதம் மின்கட்டணம் கட்ட வேண்டியவர் அதைத் தாங்க முடியாது. இதற்குத் தீர்வாக வந்தது, பலர் சேர்ந்து ஓட்டிப் பரிசைப் பங்கிட்டுக்கொள்ளும் பூல். 2010 கடைசியில் செக் நாட்டின் மாரெக் பலாட்டினஸ் தொடங்கிய ஸ்லஷ் பூல் இந்த வகையில் முதலாவது. கேரளத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையில் பரப்பனங்காடியில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் பதினொரு பேர் பணம் சேர்த்து வாங்கிய ஒரே 250 ரூபாய்ச் சீட்டுக்கு கேரள லாட்டரியின் மழைக்கால பம்பரில் 10 கோடி ரூபாய் விழுந்தது. அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்பப் பங்கு. பூலிலும் அவரவர் செய்த ஹேஷுக்கு ஏற்பப் பங்கு. எதிர்பார்க்கும் மொத்தத் தொகை இதனால் கூடாது; கட்டணம் போகச் சற்றுக் குறையவே செய்யும். மாறுவது ஒன்றுதான்: பணம் சிறிது சிறிதாக, நாள் தவறாமல் வரும். இந்த வசதிக்கு ஓர் ஆபத்தும் விலையாக இருந்தது. 2014 ஜூனில் ஜிஹேஷ்.ஐஓ என்ற ஒரே பூல் உலக வேகத்தில் பாதியைத் தொட்டது. பாதிக்கு மேல் ஒரே கையில் போனால் கணக்கேட்டையே அவர் திரித்து எழுத முடியும். பயந்துபோன மைனர்கள் பலர் வேறு பூல்களுக்கு மாறினார்கள்.

கிராபிக்ஸ் கார்டை வெளியேற்றியது ஆசிக் என்ற சில்லு. ஹேஷ் செய்வதைத் தவிர வேறு எதற்கும் அது உதவாது. அந்த ஒன்றை மட்டும் பன்மடங்கு வேகமாகச் செய்யும். 2013 ஜனவரியில் சீனாவின் அவலான் இயந்திரங்கள் முதலில் வாடிக்கையாளர் கைக்கு வந்தன. அந்த ஆண்டில் கடின எண் அப்படித் தாவியதற்கு இதுவே காரணம். முன்பணம் வாங்கிக்கொண்டு மாதக் கணக்கில் இயந்திரத்தை அனுப்பாத கதைகளும் இங்கேதான் தொடங்குகின்றன. அமெரிக்காவின் பட்டர்ஃபிளை லேப்ஸ் 2012-இல் முன்பதிவு வாங்கிய கருவிகளில் முதலாவது 2013-இல்தான் வெளிவந்தது. 2014 செப்டம்பரில் அமெரிக்க வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. மற்ற பொருள் தாமதமாக வந்தால் அது எரிச்சலோடு போகும். அன்று ஆசிக் ஆறு மாதம் தாமதித்தால் அதன் வாழ்நாள் வருமானத்தின் பெரும்பகுதி போய்விடும், ஏனென்றால் அதற்குள் கடின எண் பல மடங்காகியிருக்கும். இந்தியாவில் வரவழைத்தவருக்குக் கப்பல் கூலியும், வரியும், சுங்கத்தில் கிடக்கும் நாள்களும் இதற்கு மேல்.

வந்து சேர்ந்த பிறகும் ஆயுள் குறைவு. 2013 நவம்பரில் பிட்மெயின் நிறுவனம் வெளியிட்ட ஆன்ட்மைனர் எஸ்1 என்ற ஆசிக் இயந்திரம் நொடிக்கு 18,000 கோடி ஹேஷ், 360 வாட். 2014 ஜனவரியில் அது நாளொன்றுக்கு 50 டாலர் அளவில் ஈட்டியது. 2015 ஜனவரியில் கடின எண் 4,000 கோடியைக் கடந்து, விலையும் 300 டாலருக்குக் கீழே விழுந்தபோது அதே இயந்திரத்தின் நாள் வருமானம் நாற்பது ரூபாய்க்குள் அடங்கியது. அதன் மின்செலவோ 6 ரூபாய் விலையிலேயே 50 ரூபாயைத் தாண்டும். ஓராண்டில் பழைய இரும்பு. கார்டுகள் வைத்திருந்தவர்களுக்காவது லைட்காயின், பிறகு எத்திரியம் என்று வேறு நாணயங்களைத் தோண்டும் வழிகள் இருந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் மைனிங்கையே கைவிட்டதோடு அவற்றில் பெரியதும் அடைபட்டது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்துக் கோட்டுகால் போன்ற ஒரு கடலோரக் கிராமத்து வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டால் என்ன வரும்? 2016-இல் வந்து பல ஆண்டு கோலோச்சிய ஆன்ட்மைனர் எஸ்9-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 1,350 வாட். நாளைக்கு 32 யூனிட், மாதத்துக்கு 970 யூனிட். கேரள மின்வாரியத்தின் வீட்டு இணைப்பில் மாதம் 250 யூனிட்டுக்குள் இருக்கும்வரைதான் படிப்படியான விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த ஒரே விலை. விசிறிக்கும் விளக்குக்கும் குறைந்த விலையில் கிடைத்துவந்த மின்சாரத்தையும் அந்த இயந்திரம் சேர்த்தே விலையேற்றிவிடும். பாறசாலையைக் கடந்து களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாட்டு இணைப்பில் போட்டாலும் தப்பிக்க முடியாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்தான். ஆனால் 1,000 யூனிட்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2022 செப்டம்பரிலேயே விலை 11 ரூபாய் ஆகியிருந்தது. வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் உரிய கட்டணத்தின் இரு மடங்கு கட்ட வேண்டும்.

செலவு மீட்டரோடு நிற்பதில்லை. இயந்திரத்துக்குள் போகும் 1,350 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். சின்ன அறையில் அதை வைத்தால் இரவும் பகலும் ஹீட்டர் ஓடுவதற்குச் சமம். ஏசி போட்டு அந்த வெப்பத்தை வெளியேற்ற இன்னும் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் வேண்டும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் விசிறி வழியாக உள்ளே போய்ச் சர்க்யூட் போர்டில் படிந்து அரிக்கும். பக்கத்து வீட்டாரைத் தூங்கவிடாத இரைச்சல் வேறு. மின்சாரம் போனால் சாதாரண இன்வெர்ட்டர் இந்தச் சுமையை நீண்ட நேரம் தாங்காது. ஓடாத ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

மைனிங் எங்கே நிலைத்தது என்று பார்த்தால் காரணம் தெளிவாகும். சீனத்தின் சிச்சுவானில் மழைக்காலத்து உபரி நீர்மின்சாரம். 2021-இல் சீன அரசு தடை விதிக்கும்வரை உலக மைனிங்கின் பெரும்பகுதி அந்த நாட்டில்தான் இருந்தது. ஐஸ்லாந்தில் மலிவான மின்சாரத்தோடு குளிரும் இலவசம். நமக்குப் பக்கத்தில் பூட்டானின் அரசு நிறுவனமான துருக் ஹோல்டிங்ஸ் தன் நாட்டு நீர்மின்சாரத்தில் மைனிங் நடத்துகிறது. கேரளத்திலும் இடுக்கி போன்ற நீர்மின் நிலையங்கள் உண்டு. ஆனால் மாநிலம் தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து விலைக்கு வாங்குகிறது. 2024 கோடையில் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தபோது டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமை தாங்காமல் திணறின. வீணாகும் மின்சாரம் இல்லாத ஊரில் மைனிங்குக்கு இடமில்லை.

மின்சாரமும் இயந்திரமும் கைக்கு எட்டாதபோது, எங்கோ இருக்கும் இயந்திரத்தில் பங்கு தருவதாகச் சொல்லும் 'கிளவுட் மைனிங்' கவர்ச்சியாகத் தெரியும். இந்தியாவில் அதன் மிகப் பெரிய வழக்கு கெயின்பிட்காயின். 2015-இல் அமித் பரத்வாஜ் தொடங்கிய இத்திட்டம் போட்ட பிட்காயினுக்கு மாதம் 10 சதவீதம், 18 மாதம் தருவதாகச் சொன்னது. மொத்தம் 180 சதவீதம், அதுவும் பிட்காயினாகவே. மேலே பார்த்த கணக்கை வைத்தே இதை எடைபோட முடியும். எந்த இயந்திரமும் மாதா மாதம் ஒரே அளவு பிட்காயின் தராது. கடினம் ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். 2016 ஜூலையில் பரிசே பாதியானது. பரத்வாஜுக்கு ஜிபி மைனர்ஸ் என்ற உண்மையான பூல் இருந்ததும் முதலீட்டாளர்களின் நம்பிக்கைக்கு ஒரு காரணம். பிறகு பிட்காயினுக்குப் பதிலாக எம்கேப் என்ற சொந்த டோக்கனைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2018-இல் புணே போலீசார் அவரைக் கைது செய்தார்கள். 2022 ஜனவரியில், வழக்குகள் முடியும் முன்பே, அவர் இறந்தார். பல மாநிலங்களில் பதிவான வழக்குகள் பின்னர் சிபிஐ வசம் போயின.

சட்டம் இந்தத் தொழிலை இந்தியாவில் வெளிப்படையாகத் தடுத்ததும் இல்லை, வரவேற்றதும் இல்லை. ரிசர்வ் வங்கி 2013 டிசம்பர் 24 அன்று பொதுமக்களை எச்சரித்தது. 2018 ஏப்ரலில் வங்கிகள் கிரிப்டோ வணிகத்துக்குச் சேவை செய்யக் கூடாது என்றது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்று வரும் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. கொள்முதல் விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை வேறு வருமானத்தில் ஈடுகட்டவும் முடியாது. மைனிங்கின் உள்கட்டமைப்புச் செலவு கொள்முதல் விலை ஆகாது என்று 2022 மார்ச் மாதம் மக்களவையில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்தினார்.

மின்கட்டணத்துக்கும் இதே விதி என்று கொண்டால் கணக்கு இப்படி அமையும். ஒரு மாதத்தில் 9,000 ரூபாய் மின்சாரம் செலவழித்து 10,000 ரூபாய் மதிப்புள்ள நாணயத்தை ஒருவர் தோண்டி விற்கிறார். கையில் மிஞ்சுவது 1,000 ரூபாய். முழு 10,000 ரூபாய்க்கும் 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ் என்று அவர் கட்ட வேண்டிய வரி 3,120 ரூபாய். இயந்திரத்தின் விலை இதில் இன்னும் சேரவில்லை.