பயத்தைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை

பேரங்காடி வரிசையில் நிற்கும் ஒருவருக்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது, விரல்கள் மரத்துப் போகின்றன. மாரடைப்பு என்று பதறி மருத்துவமனைக்கு ஓடுகிறார். பரிசோதித்தால் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த வாரமும் அதே நிலை. நாளடைவில் வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார். இதைப் பீதித் தாக்குதல் என்பார்கள்.

ஆபத்து இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் பயம் ஏன் போவதில்லை? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் டேவிட் கிளார்க் என்னும் பிரிட்டிஷ் மருத்துவ உளவியலாளர். மருந்து கொடுத்துச் சிகிச்சை அளிப்பவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளரோ பேச்சு, பயிற்சி ஆகியவற்றின் வழி சிகிச்சை அளிக்கிறார்.

கிளார்க் 1986இல் தமது விளக்கத்தை வெளியிட்டார். உடலில் ஏற்படும் சாதாரண மாற்றத்தை உயிருக்கு ஆபத்து என்று மனம் தவறாகப் புரிந்துகொள்கிறது. உடனே பயம் எழுகிறது. பயத்தால் இதயம் மேலும் வேகமாகத் துடிக்கிறது, மூச்சும் வேகமாகிறது. அப்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, தலை சுற்றுகிறது. அதைக் கண்டு பயம் இன்னும் கூடுகிறது.

இந்தச் சுழற்சியை உடைக்க வெறும் ஆறுதல் போதாது. இதய நோய் இல்லை என்று உறுதியான பிறகு, உளவியலாளர் தம் கண்காணிப்பில் நோயாளியைச் சிறிது நேரம் வேகமாக மூச்சுவிடச் சொல்கிறார். அதே தலைசுற்றல், அதே மரமரப்பு! வேகமான மூச்சே காரணம் என்பதை நோயாளி தாமே உணர்கிறார். (இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

இன்னொரு சோதனையும் உண்டு. தாக்குதல் வரும்போது பலர் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். "பிடித்ததால்தான் விழாமல் தப்பினேன்" என்ற எண்ணம் அவர்களிடம் வேரூன்றிவிடும். அடுத்த முறை பிடிக்காமல் நின்று பார்க்கும்போது, தாம் விழவில்லை என்பதை அவர்களே காண்கிறார்கள். கருதுகோள், சோதனை, முடிவு என்று அறிவியல் கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுதானே!

சிகிச்சை பலன் தந்தது. ஆனால் அதை அளிக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் லேயார்டுடன் சேர்ந்து கிளார்க் அரசாங்கத்திடம் வாதாடினார். அதன் பயனாக 2008 முதல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான சிகிச்சையாளர்கள் பயிற்சி பெற்றனர். அவர்கள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே சிகிச்சை நிலையத்திலும் பணிபுரிகிறார்கள். நோயாளியின் அனுமதியுடன் பதிவு செய்த உரையாடல்களைக் கேட்டு, அனுபவசாலிகள் அவர்களைத் திருத்துகிறார்கள்.

அங்கு ஒவ்வொரு சந்திப்பிலும் நோயாளி வினாத்தாள் நிரப்புகிறார். மனச்சோர்வை அளக்க 9 கேள்விகள், பதற்றத்தை அளக்க 7 கேள்விகள். புள்ளிகள் குறையாவிட்டால் சிகிச்சையாளர் தம் அணுகுமுறையை மறுபரிசீலனை செய்கிறார். முடிவுகளும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன. சிகிச்சையை முடிப்போரில் ஏறக்குறைய பாதிப் பேர் குணமடைகின்றனர். மீதிப் பேருக்கு இன்னும் சிறந்த வழி தேவை என்பதையும் அதே எண்கள்தாம் காட்டுகின்றன.

உங்களுக்கோ வீட்டில் உள்ளவருக்கோ இத்தகைய படபடப்பு அடிக்கடி வந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். பெற்றோரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பீதித் தாக்குதல் கோழைத்தனம் அன்று. அதற்குச் சிகிச்சை உண்டு.