ஒரு 'ஹலோ' திரைக்கு வரும் வழி

நிரல் எழுதப் பழகிய எவரும் முதல் நாளில் 'ஹலோ' என்று திரையில் அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் அந்த நிரலுக்குத் திரையைத் தொடும் உரிமை கிடையாது. இயங்குதளத்தின் கருவான கர்னலிடம் அது கேட்டுத்தான் பெறவேண்டும். அந்தக் கர்னலை எழுதக் கற்க விரும்புவோர், இந்த ஒரு வேண்டுகோளைப் பின்தொடர்ந்து போவதே நல்ல தொடக்கம்.

லினக்ஸில் தொடங்க வேண்டாம்; அது இன்று கோடிக்கணக்கான வரிகளாக வளர்ந்து நிற்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 2006-இல் மாணவர்களுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6, பத்தாயிரம் வரிகளுக்கும் குறைவு. 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை முன்மாதிரியாகக் கொண்டது. சி மொழியில் பாயின்டர் புரிந்திருந்தால் படிக்கலாம். கியூஎமு என்ற போலிக் கணினிக்குள் ஓடுவதால், எதைக் கெடுத்தாலும் உங்கள் கணினிக்குச் சேதமில்லை.

இனி 'ஹலோ'வின் பின்னால் போவோம். நிரல், எழுதித் தரும்படி கர்னலைக் கேட்கும் 'ரைட்' என்ற அழைப்புக்குரிய 16 என்ற எண்ணைப் பிராசசரின் ஏ7 ரெஜிஸ்டரில் வைத்து, 'ஈகால்' கட்டளையை இடுகிறது. அக்கணமே பிராசசர் கர்னலின் அதிகாரத்துக்கு மாறுகிறது. கர்னல் நிரலின் ரெஜிஸ்டர்களை எல்லாம் பத்திரப்படுத்தி, 16-க்கு உரிய செயற்கூறைத் தேடி அழைத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சாதனத்துக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் ரெஜிஸ்டர்களைத் திருப்பிக் கொடுத்து, நிரலை விட்ட இடத்திலிருந்து ஓடவிடுகிறது.

இந்தப் பாதை பிடிபட்டதும், நீங்களே ஓர் அழைப்பைச் சேர்த்துப் பாருங்கள். எக்ஸ்வி6-இல் இருப்பவை 21, உங்களுடையது 22. அந்த அழைப்பு, இப்போது எத்தனை புராசஸ்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொன்னால் போதும்.

கர்னலுக்குள் எழுதும்போது வழக்கமான சி நூலகம் உதவிக்கு வராது. அந்த நூலகமே கர்னலிடம் கேட்டு வாழ்வது; கர்னல் யாரிடம் போய்க் கேட்கும்? அதனால் எக்ஸ்வி6 தன் பிரின்ட்எஃப்பைத் தானே எழுதி வைத்திருக்கிறது. தவறான முகவரியைக் கர்னல் தொட்டால் 'பேனிக்' என்று அறிவித்து மொத்த இயந்திரமும் நின்றுவிடும். பயப்பட வேண்டாம். கூடவே அச்சாகும் 'எஸ்இபிசி' எண், எந்தக் கட்டளையில் தவறு நேர்ந்தது என்று காட்டிக்கொடுக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மூலநிரலுக்குத் திரும்புங்கள்; அப்படித் தேடும் மாலைகளில்தான் கர்னல் உங்களுக்குப் பழக்கமாகும்.

உங்கள் 22-ஆம் அழைப்பு சரியான எண்ணைத் திருப்பித் தரும் அன்று, பழைய 'ஹலோ' நிரலை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அந்த ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் வந்த வழி முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.