பிரிவென்று வந்தால் யார் பேசுவது?

தென்காசிப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும் இனிச் சேர்ந்து வாழ முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டால், விஷயம் முதலில் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. பெண் வீட்டுத் திண்ணைக்கோ, சமுதாயக் கூடத்துக்கோ, பள்ளிவாசல் ஜமாத்துக்கோ போகும். தாய்மாமன், பெரியப்பா, கல்யாணத்தைப் பேசி முடித்த தரகர், ஊர்ப் பெரியவர் என்று பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். எத்தனை பவுன் போட்டோம், ரொக்கம் எவ்வளவு கொடுத்தோம், பாத்திரம் பண்டமெல்லாம் யார் வீட்டில் கிடக்கிறது என்று பேச்சு நீளும். கடைசியில் ஒரு தொகைக்கு இரு வீட்டாரும் இறங்கி வருவார்கள். முத்திரைத் தாளில் ‘விவாக விடுதலைப் பத்திரம்’ தட்டச்சாகும். நோட்டரி வக்கீல் முத்திரை குத்துவார். “முடிஞ்சிட்டு” என்று எல்லாரும் எழுந்து போவார்கள்.

சட்டத்தின் கண்ணில் அங்கே எதுவுமே முடியவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி மணமுறிவு தரும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உரியது. சமுதாய வழக்கத்தின்படி நடக்கும் மணமுறிவுக்கு அதே சட்டத்தின் 29(2) பிரிவு இடம் தருகிறதே என்று சிலர் சொல்வார்கள். தருகிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக, விட்டுப்போகாமல் இருந்து வருகிறது என்பதை அதைச் சொல்கிறவரே சாட்சியோடு மெய்ப்பிக்க வேண்டும். சுலபமான காரியமில்லை. பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்மீது முதல் துணை வழக்குப் போட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழியுண்டு. இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு மனைவி என்ற சட்டத் தகுதி கிடைக்காது. கணவர் அரசு ஊழியராக இருந்து இறந்துபோய், குடும்ப ஓய்வூதியம் யாருக்கு என்ற கேள்வி எழும்போதுதான் அந்தத் தாளின் மதிப்பு பலருக்கும் தெரியவருகிறது.

வெறும் தாள் போதாது என்பது கடையநல்லூர் போன்ற ஊர்களில் இருக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். காஜி கொடுக்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னது. மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவான குலாவுக்குத் தனியார் அமைப்பு வழங்கும் சான்றிதழ் செல்லாது, அந்தப் பெண் குடும்ப நல நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று 2023இல் தீர்ப்பளித்தது.

பேசித் தீர்ப்பதில் எந்தக் குறையும் இல்லை. வாய்தா வாய்தாவாக ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட அது எவ்வளவோ மேல். யார் பேசுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. திண்ணைப் பஞ்சாயத்தில் பெண் பெரும்பாலும் உள்ளறையில் இருப்பாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தன் அண்ணன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். வாழ்ந்த இருவரையும் தவிர மற்ற எல்லாரும் பேசுவார்கள். அவர்களுக்குள் பழைய நிலத் தகராறும் கோயில் வரி மனத்தாங்கலும் வேறு இருக்கும். எல்லாம் சேர்ந்து அன்று தீரும் அல்லது முற்றும்.

நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்த ஒன்றைத்தான் மாற்றுகிறது. நாட்டிலேயே முதலாவதாக 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அப்படியொரு மையம் தொடங்கியது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்கு முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர். பின்னர் மாவட்டங்களுக்கும் அது வந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 9ஐச் சமரச நாளாக நீதிமன்றங்கள் கொண்டாடுகின்றன, துண்டறிக்கையும் கொடுக்கிறார்கள். வாங்கியவர்கள் படிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

நடைமுறை இதுதான். குடும்ப நல நீதிமன்றத்திலோ, அது இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்திலோ மனு பதிவானதும், பேசிப் பார்க்க இடமிருக்கிறது என்று நீதிபதி கருதினால் சமரச மையத்துக்கு அனுப்புவார். நீங்களே கேட்டும் போகலாம். திருமண வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று கே. சீனிவாச ராவ் எதிர் டி.ஏ. தீபா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் கீழமை நீதிமன்றங்களை அறிவுறுத்தியிருக்கிறது. மையத்தில் பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் இருப்பார். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், யார் பக்கம் நியாயம் என்றும் சொல்லக் கூடாது. முதலில் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பார், பிறகு தனித்தனியே கேட்பார். தனியே சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் எதிர்த்தரப்புக்குச் சொல்ல மாட்டார். கட்டணம் கிடையாது. உடன்பாடு ஏற்பட்டால் அதை எழுதிக் கையெழுத்து வாங்கி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். ஏற்படவில்லையென்றால் ‘உடன்பாடு இல்லை’ என்று மட்டும் எழுதுவார். உள்ளே யார் அழுதார், யார் என்ன ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் நீதிபதிக்குப் போகாது. வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சமரச மையம் என்றாலே “சேர்ந்து வாழு” என்று புத்தி சொல்லி அனுப்புகிற இடம் என்ற பயம் இங்கே பலருக்கு இருக்கிறது, பெண்களுக்கு அதிகமாகவே இருக்கிறது. சேர்வதற்கு வழி இருக்கிறதா என்று சமரசர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். இல்லை என்றால் கௌரவமாகப் பிரிவதற்கும் அதே அறையில் அதே மேசையில் பேசலாம். பிரிவது என்று முடிவானால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு போடலாம். மனுவுக்கு முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. எல்லாப் பிரச்சினையும் தீர்ந்து, ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்தே இருப்பவர்களுக்கு அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று அமர்தீப் சிங் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஏ பிரிவில் பிரிந்து வாழும் காலம் இரண்டாண்டு என்றிருக்கிறது.

பணத்துக்கு வருவோம். குற்றாலத்தில் அருவிக்கரையில் பழக்கடையோ, எண்ணெய் மசாஜோ, சிறு லாட்ஜோ நடத்துகிறவருக்கு வருமானம் சீசனோடு சரி. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கையில் பணம் புழங்கும். மாசியிலும் பங்குனியிலும் கடன்தான். சம்பளச் சீட்டு இல்லாத இவரிடம் மாதம் இவ்வளவு ஜீவனாம்சம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டால், நாலாவது மாதம் பாக்கி விழும். அதை வசூலிக்க இன்னொரு மனு. சமரசத்தில் இதையே வேறுவிதமாக அமைத்துக்கொள்ளலாம். சீசனில் பெரிய தவணை, மற்ற மாதங்களில் குழந்தையின் பள்ளிச் செலவுக்கு மட்டும் என்று எழுதலாம். எந்த நகை எந்தத் தேதியில் யார் முன்னால் திரும்பும், அடகில் இருப்பதை மீட்பது யார், குழந்தை மே விடுமுறையில் யாரிடம், கோயில் கொடைக்கு யாரோடு போகும் என்பதுவரை எழுதலாம். இவ்வளவு நுணுக்கமாக எந்தத் தீர்ப்பும் எழுதப்படுவதில்லை.

எழுதும்போது சிலவற்றில் ஏமாறக் கூடாது. பரஸ்பர சம்மதத்தை இறுதித் தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஆகவே முழுத் தொகையும் முதல் நாளிலேயே கைமாறுவதும் ஆபத்து, எல்லாவற்றையும் தீர்ப்புக்குப் பிறகு பார்ப்போம் என்பதும் ஆபத்து. பாதி மனுவின்போது, மீதி இறுதி விசாரணையன்று என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு உரிய ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுத்து எழுதினாலும் குழந்தையின் உரிமை அழியாது. வீடோ நிலமோ எழுதித் தருவதாக இருந்தால் பத்திரப் பதிவு செய்தாக வேண்டுமா என்பதை வக்கீலிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு இருந்தால் “வாபஸ் வாங்கிக்கிறோம்” என்று எழுதுவதால் மட்டும் அது போய்விடாது. ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.

அடி உதை இருக்கும் வீட்டுக்கு மேலே சொன்னது எதுவும் முதல் மருந்தில்லை. அடித்தவன் எதிரே உட்கார்ந்து “எனக்கு இது போதும்” என்று சொல்லும் பெண்ணின் சம்மதம் சம்மதமாகாது. அவள் முதலில் போக வேண்டியது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இன்கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் அல்லது குற்றவியல் நடுவரிடம். 181 என்ற எண்ணில் கூப்பிடலாம். வீடு யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அங்கே இரு தரப்பிடமும் எழுதி வாங்கும் சமாதானக் கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது.

இன்னொரு தந்திரமும் உண்டு. சமரசம் என்று சொல்லி வாய்தா வாங்கிக்கொண்டே இருப்பது. பேச்சு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கத் தடையில்லை. இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்காகும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் வரையறுத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்தைப் பற்றிச் செய்தி படித்திருப்பீர்கள். அந்த ஆண்டு அக்டோபர் 9 அன்று அதன் சில பிரிவுகள் மட்டுமே நடைமுறைக்கு வந்தன. அதைக் காட்டி யாராவது தனியாக எழுதித் தரும் ஒப்பந்தமே தீர்ப்பு என்றால் நம்பிவிடாதீர்கள்.

மும்பையிலோ திருப்பூரிலோ வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்த பெண், இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் 2003இல் வந்த திருத்தத்தின்படி, தான் இப்போது இருக்கும் தென்காசியிலேயே மனு போடலாம். கணவர் ஆரியங்காவுக்கு அந்தப்பக்கம் கேரளத்துக் கொல்லத்தில் முந்திக்கொண்டு வழக்குப் போட்டுவிட்டால், அதை இங்கே மாற்ற உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் சமரச மேசையில் இரு தரப்புமே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்குவதற்கு வக்கீல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். தொலைபேசி எண் 15100. போகும்போது கல்யாணப் பத்திரிகை, திருமணப் புகைப்படம், நகை வாங்கிய ரசீது, அடகுச் சீட்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலை எடுத்துச் செல்லுங்கள். உடன்பாட்டைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி, ஒருநாள் வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று கேளுங்கள். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் அன்று கையெழுத்துப் போட வேண்டாம்.