ஆமை இட்ட கோலம்

கணிப்பொறி என்றதும் சிறுமியருக்கு விளையாட்டே நினைவுக்கு வரும். அவ்விளையாட்டே கணக்குப் பாடமாகவும் அமையலாம் என்பதற்கு 'லோகோ' நல்ல சான்று. 1967-ல் அமெரிக்காவில் சிமோர் பாப்பெர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் சிறுவர்க்கென்றே அமைத்த கணிப்பொறி மொழி அது. பின்னர் அதில் ஓர் ஆமையும் வந்து சேர்ந்தது. 'முன்னே 100, வலப்பக்கம் 90' என்று நாம் கட்டளையிட்டால், ஆமை சென்ற வழியில் கோடு விழும். நான்கு முறை சொன்னால் சதுரம்.

முக்கோணத்தில்தான் வேடிக்கை! சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்திருக்கிறோம். ஆனால் ஆமையை 60 பாகை திருப்பிக்கொண்டே போனால் அறுகோணம் வந்து நிற்கும். ஆமை திரும்புவது வெளிக்கோணம். ஆகவே 120 என்று சொல்லவேண்டும். ஐயமிருந்தால் பள்ளி முற்றத்தில் நாமே ஆமையாகி நடந்து பார்க்கலாம். அதற்குக் கணிப்பொறியே வேண்டாம். ஓரடி நடந்து ஒரு பாகை திரும்புவதை 360 முறை செய்தால் வட்டமும் கிடைக்கும்.

வளைவு கைவந்தபின் கோலம் எட்டாததா? மார்கழியில் புதுவைத் தெருக்களில் இடும் சிக்குக் கோலமும் புள்ளிகளைச் சுற்றிச் செல்லும் கட்டளை வரிசைதானே! கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-லேயே கோலங்களுக்குக் கணித முறையில் இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டனர்.

லோகோவின் வழியில் 2007-ல் வந்த 'ஸ்கிராட்ச்' இன்று இலவசமாகக் கிடைக்கிறது. சிறு கோலம் ஒன்றைத் தாளில் இட்டு, எங்கே எவ்வளவு திரும்பினோம் என்று எழுதிக்கொண்டு, அதன்பின் கணிப்பொறியின் முன் அமர்வது நலம்.