கப்பல் சொன்ன பேச்சைக் கேட்கலையா? அன்-இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புதுசா ஒரு ஸ்பேஸ் ஷூட்டர் கேம் டவுன்லோடு பண்றீங்க. கட்டைவிரலை மேலே தள்ளினா, கப்பல் மூக்கைக் கீழே குத்துது. போனைச் சாய்ச்சாத்தான் குறி நகருது. மூணு தடவை வெடிச்சுச் சிதறினதும், `கன்ட்ரோல் மோசம்’னு ஒரு ஸ்டார் ரிவ்யூ போட்டுட்டு அன்-இன்ஸ்டால். நல்ல கேம்கள் சிலதும் இப்படித்தான் பத்தே நிமிஷத்துல போனை விட்டுப் போகுது.

கொஞ்சம் பொறுங்க ப்ரோ. சாயல்குடியிலிருந்து மூக்கையூர் கடற்கரைக்குப் போனா, பின்னாடி இன்ஜின் மாட்டின வள்ளங்களைப் பார்க்கலாம். இன்ஜின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினா, வள்ளம் வலப்பக்கம் திரும்பும். பைக் ஓட்டிப் பழகின கைக்கு இது தலைகீழ். கடலுக்குப் போறவங்களுக்கு இதுதான் நேர். இன்ஜின் தள்ளுறது வள்ளத்தோட பின்பக்கத்தை, அதனால முன்பக்கம் எதிர்த்திசையில திரும்புது, அவ்ளோதான். விமானத்துலயும் ஸ்டிக்கை முன்னால தள்ளினா மூக்கு இறங்கும், பின்னால இழுத்தா ஏறும். கேம் செட்டிங்ஸ்ல இருக்கிற `இன்வெர்ட்’ ஆப்ஷன் இந்தப் பழக்கத்தைத்தான் பின்பற்றுது.

ஸ்பேஸ் கேம்களுக்கு இந்தக் கிறுக்கு புதுசில்லை. 1979-ல் அடாரி வெளியிட்ட `ஆஸ்டெராய்ட்ஸ்’ கேமில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது. இடம் சுழல, வலம் சுழல, உந்த, சுட, திடீர்னு வேற இடத்துக்குத் தாவ... மொத்தம் அஞ்சு பட்டன். கப்பலைத் திருப்பினாலும் அது பழைய திசையிலேயே மிதந்து போகும். வேகத்தைச் சட்டுனு குறைக்கணும்னா, எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி உந்தணும். பிரேக் இல்லாத விண்வெளிக்கு அதுதானே நியாயம்! ஆட்டமே அந்த மிதப்புலதான் இருந்தது. கேம் பயங்கர ஹிட்.

எல்லா விநோதமும் இப்படி ஜெயிக்கலை. 2016-ல் நின்டெண்டோவின் `ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோ’, டி.வி-யில் கப்பலையும், கையில் இருக்கிற கன்ட்ரோலரோட ஸ்கிரீனில் காக்பிட்டையும் காட்டியது. கன்ட்ரோலரைச் சாய்ச்சுக் குறிவைக்கணும். இருக்கிறது ரெண்டு கண்ணு, அதை ரெண்டு ஸ்கிரீனுக்குப் பங்கு போட்டா எப்படி? விமர்சகர்கள் பலர் திட்டித் தீர்த்தாங்க. ஆக, கொஞ்சம் பழகிப் பார்க்கிற வரை தப்பு கேம் மேலயா, நம்ம கை மேலயானு சொல்ல முடியாது.

ஏன் இவ்ளோ கஷ்டம்? `புரியுறது’ வேற, `பழகுறது’ வேற. அமெரிக்க யூடியூபர் டெஸ்டின் சாண்ட்லின், ஹேண்டில்பாரைத் திருப்பினா எதிர்ப்பக்கம் போற சைக்கிளை ஓட்டக் கத்துக்கிட்டதை 2015-ல் வீடியோவா போட்டார். இன்ஜினீயரான அவருக்கே எட்டு மாசம் ஆச்சு. அவர் பையனுக்கு ரெண்டே வாரம்! அப்புறம் சாதா சைக்கிள்ல ஏறினப்போ, அது கொஞ்ச நேரம் அவருக்கு வரலைங்கிறதுதான் செம காமெடி.

நல்லவேளை, கேமுக்கு அவ்ளோ நாள் தேவைப்படாது. முதல்ல சென்சிட்டிவிட்டியைக் குறைங்க. எதிரி இல்லாத டிரெய்னிங் மோடுல சும்மா சுத்துங்க. ஒரே ராத்திரியில மூணு மணி நேரம் முட்டி மோதுறதைவிட, தினமும் 15 நிமிஷம் போதும். கை பழகுற வேலையில தூக்கத்துக்கும் பங்கு இருக்கு. முக்கியமா, தோத்த ஒவ்வொரு தடவையும் செட்டிங்ஸை மாத்தாதீங்க. மாத்தினா மூளை திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கும். இன்வெர்ட் வேணுமா வேண்டாமானு ஒரு வாரம் ஆடிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

அப்புறம், கைரோ வெச்சு ஆடுற கேமை ராமநாதபுரம் பஸ்ல ட்ரை பண்ணாதீங்க. போன் சுழல்றதைத்தான் அந்த சென்சார் அளக்குது. அது திரும்பினது உங்க கையாலயா, டிரைவராலயானு அதுக்குத் தெரியாது. பஸ் வளைவுல திரும்பினா உங்க குறியும் சேர்ந்து திரும்பிடும்!