ஒரே மெட்டு, மூன்று அர்த்தம்



"இந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட்?" என்று யாராவது கேட்டால் நாம் உடனே, "எதைப் பொறுத்து?" என்று திருப்பிக் கேட்போம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை இடம் மாற்றினால் ரீடிங்கும் மாறிவிடும். பாட்டிலும் இதே கதைதான். ஒரு சுரம் இனிக்குதா, உறுத்துதா என்று அதை மட்டும் தனியாக வைத்துச் சொல்ல முடியாது. அதன் அடியில் என்ன ஒலிக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒரு ஜாஸ் பாட்டைப் பிரித்துப் பார்ப்போம். "ஜாஸா? அதெல்லாம் நமக்கெதுக்குப்பா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூட்டல் கணக்கு தெரிந்தால் போதும்.

பாட்டின் பெயர் 'சன்னிமூன் ஃபார் டூ'. இயற்றியவர் 1930ல் நியூயார்க்கில் பிறந்த சாக்ஸபோன் மேதை சன்னி ரோலின்ஸ். 1957 நவம்பர் 3 அன்று அதே ஊரில் வில்லேஜ் வான்கார்ட் என்ற கிளப்பில் அவர் இதை வாசித்தது இசைத்தட்டாக வந்தது. பேஸ் வில்பர் வேர், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். ஆக மொத்தம் மூன்றே பேர்; பியானோ கூடக் கிடையாது. ரோலின்ஸுக்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு. 1960களின் பிற்பகுதியில் பம்பாய் பவாயில் ஓர் ஆசிரமத்தில் தங்கி யோகமும் வேதாந்தமும் கற்றவர் அவர்.

இந்தப் பாட்டு 'ப்ளூஸ்' வகை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் உருவாக்கியது ப்ளூஸ். அந்த ப்ளூஸை 1940களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றவர்கள் வேகமும் நுணுக்கமும் சேர்த்து வாசித்தார்கள். அந்தப் பாணிக்குப் பெயர் பீபாப். ரோலின்ஸ் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்.

முதலில் தாளக் கணக்கு. ப்ளூஸ் ஒரு சுற்றுக்கு 12 கட்டம், கட்டத்துக்கு 4 எண்ணிக்கை. மொத்தம் 48. நம்ம ஆதி தாளம் 8 எண்ணிக்கை. ஆக ஒரு சுற்று என்பது சரியாக ஆறு ஆவர்த்தனம். இதை நாலு நாலு கட்டமாக மூன்று வரியாகப் பிரித்துக்கொள்வார்கள்.

அடுத்தது மெட்டு. மேல் ஸாவில் ஆரம்பித்து ஸ நி ப ம க ஸ என்ற சுரங்களின் வழியே கீழே இறங்கும் ஒரு சின்னச் சொற்கட்டு. இதில் 'க'வும் 'நி'யும் சின்னது, அதாவது சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்திருப்பார்கள்: சுத்த தன்யாசியின் சுரங்கள்! முத்தையா பாகவதரின் 'ஹிமகிரி தனயே' கிருதியின் ராகம். ரோலின்ஸ் இந்த ஒரே சொற்கட்டை மூன்று வரிக்கும் மூன்று முறை திருப்பி வாசிக்கிறார். அவ்வளவுதான் மெட்டு!

அப்படின்னா அலுக்காதா? அலுக்காது. ஏனென்றால் மேலே மெட்டு மாறாமல் இருக்க, அடியில் கார்டு மாறிக்கொண்டே போகிறது. ப்ளூஸின் வழக்கமான அமைப்பு இது:

முதல் வரி: அடியில் ஸ க ப நி. இந்த 'க' பெரிய க. மெட்டில் வருவதோ சின்ன க. இரண்டும் அரைச் சுர தூரத்தில் உரசுகின்றன. ப்ளூஸுக்கே உரிய அந்த ஏக்கம் இந்த உரசலில்தான் பிறக்கிறது.

இரண்டாம் வரி: கார்டு மத்யமத்துக்கு நகர்கிறது: ம த ஸ க. இந்தக் கார்டிலேயே சின்ன க இருக்கிறது! போன வரியில் சண்டை போட்ட அதே சுரம் இப்போது சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. வரியின் பாதியில் கார்டு மறுபடி ஸாவுக்குத் திரும்பும்.

மூன்றாம் வரி: பஞ்சமத்தின் மேல் கார்டு: ப நி ரி ம. இந்த நி பெரிய நி; மெட்டில் வருவது சின்ன நி. இப்போது உரசல் 'க'வை விட்டு 'நி'க்கு மாறிவிட்டது. கடைசி இரண்டு கட்டங்களில் கார்டு ஸாவுக்குத் திரும்பியதும் மனசு அமைதியாகிறது.

பியானோ இல்லாததால் இந்தக் கார்டுகளை யாரும் முழுதாகப் பிடித்து வைப்பதில்லை. பேஸ் ஒவ்வொரு சுரமாகக் கோடு காட்ட, மிச்சத்தை நம் காதே நிரப்பிக்கொள்கிறது.

சரி, பீபாப் நுணுக்கம் எங்கே? மெட்டு முடிந்து கற்பனையாக வாசிக்கும்போது அது வரும். முதல் கார்டுக்குரிய சுரங்கள் நம்ம ஹரிகாம்போஜி, மொத்தம் ஏழு. ஆனால் ஒரு கட்டத்தில் அரை அரையாக எண்ணினால் எட்டு இடம். ஸ நி த ப ம க ரி என்று இறங்கினால் அழுத்தமான 1, 3, 5, 7ஆம் இடங்களில் ஸ, த, ம, ரி விழும். ஸாவைத் தவிர மற்றது எதுவும் கார்டில் இல்லை. பீபாப் கலைஞர்கள் இடையில் பெரிய 'நி'யையும் சேர்த்து எட்டாக்கினார்கள்: ஸ, பெரிய நி, சின்ன நி, த, ப, ம, க, ரி. இப்போது எண்ணிப் பாருங்கள். அழுத்தமான இடங்களில் ஸ, நி, ப, க! கார்டு அப்படியே வந்து விழுகிறது. நம்ம கமாஸ் ராகத்திலும் ஹரிகாம்போஜி சுரங்களோடு அந்தப் பெரிய நி விருந்தாளியாக வந்து போகும். 'சங்கராபரணம்' படத்தில் 'ப்ரோசேவாரெவருரா' கேட்டவர்களுக்கு அந்த ருசி தெரியும்.

இன்னும் ஒரு விஷயம். ப்ளூஸ் பாடுகிறவர்களின் 'க' பல நேரம் சின்ன க-வும் இல்லை, பெரிய க-வும் இல்லை, நடுவில் நிற்கும். பியானோவில் அந்தக் கட்டையே கிடையாது. கட்டையை வைத்து அளந்தால் அது 'தப்பு சுரம்'. ஆனால் அதற்கு 'ப்ளூ நோட்' என்று பெயர் வைத்து உலகமே இன்று பாடம் படிக்கிறது. ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது என் பாட்டி பாடும் பாட்டிலும் அப்படி ஒரு 'க' உண்டு. "படிக்காதவங்க பாட்டு, சுருதி சேராது" என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சுருதி சேரவில்லை என்றால், எதோடு சேரவில்லை? ஆர்மோனியத்தோடா, அவங்க மனசில் ஓடுகிற சுருதியோடா?

ஒரு வேலை செய்யுங்கள். நம்ம பக்கத்துத் தெருக்கூத்து ஆர்மோனியமோ, நண்பன் வீட்டுக் கீபோர்டோ கிடைத்தால், ஒரு கட்டையை ஸாவாக வைத்துக்கொண்டு, வலது கையில் ஸ நி ப ம க ஸ வாசியுங்கள். இடது கையில் நான் சொன்ன மூன்று கார்டையும் வரிசையாக மாற்றுங்கள். வலது கை மாறவே மாறாது. ஆனால் மூன்று முறையும் வேறு வேறு பாட்டாகக் கேட்கும். அதைக் காதால் கேட்ட பிறகு, எந்தப் பாட்டையும் 'தப்பு' என்று சொல்லும் முன் அதன் அடியில் என்ன ஒலிக்கிறது என்று ஒரு நிமிஷம் தேடுவீர்கள்.